ஐந்து மூச்சு

இது ஆஸ்பத்திரிக் குழாய் இல்லீங்க தம்பி. நீங்க பாட்டுக்கு நல்லா உக்காருங்க. எனக்கு ஒட்டுற நோய் ஒண்ணும் கெடையாது. இது துப்பாக்கிக் குழாய். அட, பயந்துக்காதீங்க, பைக்குள்ள துப்பாக்கி இல்லை. துப்பாக்கிக்குள்ள ஊதற குழாய். இந்தா பாருங்க, இந்த முனையில சுட்டுப் போட்ட பித்தளைத் தோட்டாக் கூடு. அதுல ஓட்டை போட்டிருக்குது. நடுவுல கொத்தனாருங்க மட்டம் பார்க்கற பிளாஸ்டிக் குழாய். இந்தப் பக்கம் இருக்கறது வாய் வெக்கற துண்டு, பித்தளையில கடைஞ்சது. எவ்வளவு வழவழப்பாக் கடைஞ்சிருக்கறான் பாருங்க. தொட்டுப் பாருங்க, பரவால்ல, கழுவித்தான் வெச்சிருக்கறன்.

கடைஞ்சவன் பேரு ஆறுச்சாமி. அவன்கிட்டத்தான் கொண்டுபோய்க் குடுக்கோணும். செங்காட்டுப் பிரிவுல வீடு. நீங்க எங்க எறங்கறீங்க? அங்கதானா? சரியாப் போச்சு போங்க. போறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கேட்டீங்க, சொல்றன். யார்கிட்டயும் இதைச் சொன்னதில்லீங்க. உங்களுக்கு என்னையத் தெரியாது, எனக்கு உங்களத் தெரியாது, அதனால சொல்லலாம்.

எங்களுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. எங்க தாத்தா காலத்துல ஒரு எஸ்டேட் தொரை ஊருக்குப் போறப்ப அவருகிட்ட ஒரு துப்பாக்கிய வித்துட்டுப் போனான். மார்ட்டின் துப்பாக்கி. அடியில கைப்பிடியக் கீழ இழுத்தா வாய் தொறக்கும், ஒரே ஒரு தோட்டா போடலாம். லைசென்ஸ் தாத்தா பேர்ல இருந்து அப்பா பேருக்கு, அப்பா பேர்ல இருந்து எம்பேருக்கு. பீரோவுக்குப் பொறத்தால துணி சுத்திக் கெடந்துச்சு. எலெக்சன் வர்றப்பெல்லாம் ஸ்டேஷன்ல கொண்டுபோய் வெப்போம், திருப்பி எடுத்துட்டு வருவோம். அதுக்கு அவ்வளவுதான் வேலை.

அப்பறம் எங்க பக்கம் ரைபிள் கிளப் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பழைய கல்லுக்குழி ஒண்ணை லீசுக்கு எடுத்து, ஐநூறு கெஜத்துல டார்கெட் வெச்சு. அதுல வருசத்துக்கு ஒரு தரம் பழைய துப்பாக்கிப் போட்டி நடத்தறாங்க. அந்தக் காலத்துத் துப்பாக்கி, அந்தக் காலத்துக் கருமருந்து, அவங்கவங்க கட்டின தோட்டா. செயலாளர் எனக்குத் தூரத்துச் சொந்தம். "அண்ணா, மாவட்டத்துலயே மார்ட்டின் உங்ககிட்ட மட்டுந்தான் இருக்குது, நீங்க சுடாம யாரு சுடறது"ன்னு ஏத்தி விட்டுட்டான். எனக்கும் ஆசை வந்துருச்சு. அறுபத்தி மூணு வயசுல வரக்கூடாத ஆசை.

துப்பாக்கி இருக்குது, தோட்டாவுக்கு எங்க போறது? அதுக்கெல்லாம் கடையில தோட்டா கெடையாது. கட்டித்தான் ஆகோணும். அப்பத்தான் செயலாளர் ஆறுச்சாமியக் கூட்டிட்டு வந்தான். பம்ப்செட் கம்பெனில இன்ஸ்பெக்சன்ல வேலை. மைக்ரோமீட்டரக் கையில புடிச்சா தலைமுடியக்கூட ரெண்டாப் பொளந்து அளவு சொல்வான். அப்படியாப்பட்ட கை. அவனுக்கு லைசென்ஸ் கெடைக்கலை, எழுதிப் போட்டு எழுதிப் போட்டு அலுத்துட்டான். அதனால போட்டியில சுட முடியாது. ஆனா தோட்டா கட்டறதுன்னா உசுரு. கிளப் ரூம்ல, கிளப் லைசென்ஸ்ல, செயலாளர் மருந்த அளந்து குடுக்க, இவன் கட்டுவான்.

என்னை "சார்"னு கூப்பிடுவான். "அய்யான்னு, சாமின்னு எல்லாம் வேண்டாம்ப்பா, சார்னே கூப்பிடு"ன்னு நான்தான் சொன்னேன். நான் அதெல்லாம் பார்க்கறவன் இல்லீங்க தம்பி. எங்க தோப்புல வேலைக்கு வர்றவங்களுக்குத் தனி டம்ளர் வெக்கற வழக்கத்த நாங்க எப்பவோ விட்டாச்சு. இப்ப பேப்பர் கப்புதான். கட்டு கட்டா வாங்கி வெச்சிருக்கறோம். சுத்தமும் ஆச்சு, யாருக்கும் மனவருத்தமும் இல்லை.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், தோட்டா.

தையில ஆரம்பிச்சோமுங்க. ஆடியில போட்டி. ஆறு மாசம். ஈயம் உருக்கி, துளி வெள்ளீயம் சேத்து, அச்சுல ஊத்தி, ஒவ்வொரு குண்டா எடுத்து நகைக்கடைத் தராசுல போடுவான். ஒரு நெல்லு எடை கூடக்கொறய இருந்தாப் போச்சு, திரும்ப உருக்கற சட்டிக்கு. நூறு குண்டு ஊத்துனா முப்பது தேறும். எனக்குச் சலிப்பா இருக்கும். "அட விடப்பா, ஐநூறு கெஜத்துக்கு அந்தப் பக்கம் அதெல்லாமா தெரியப்போகுது"ம்பேன். "டார்கெட்டுக்குத் தெரியுமுங்க சார்"ம்பான். மருந்த நீளமான பித்தளைக் குழாய் வழியா பொறுமையா விடுவான், கொழந்தைக்குச் சங்குல பால் புகட்டற மாதிரி. அப்பத்தான் மணி மணியா ஒண்ணு மேல ஒண்ணு சேந்து உக்காருமாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல வெக்கறதுக்கு அட்டை. என்னென்னவோ அட்டை பார்த்தான். கடைசில எங்க பொண்ணு கல்யாணத்துக்கு அடிச்சு மிச்சங் கெடந்த பத்திரிகை அட்டைதான் சரியா வந்துச்சு. குண்டுக்குப் பூச தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும். ரூம் பூரா கெடா வெட்டுன வீடாட்டம் வாசம் அடிக்கும்.

ஒவ்வொண்ணையும் மாத்தி மாத்திக் கட்டுவான், நான் சுடுவேன், அவன் டெலஸ்கோப்ல பார்த்து நோட்டுல எழுதுவான். ஒரு தடவையில ஒரு சங்கதியத்தான் மாத்துவான். ரெண்டை மாத்துனா எதுனால சரியாச்சு, எதுனாலக் கெட்டுச்சுன்னு தெரியாதாம். பொறுமைன்னா அப்படியொரு பொறுமை.

தை மாசமெல்லாம் நல்லா விழுந்துச்சுங்க. காலையில பனி இருக்குமில்லீங்களா. பங்குனி வந்துச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு. மொத மூணு குண்டு நடுவுல விழும், அப்பறம் ஒண்ணு கெழக்க, ஒண்ணு மேக்க. கருமருந்து இருக்குதே, வெடிச்சா பாதிதான் எரியும். மீதி கரியாக் குழலுக்குள்ள ஒட்டிக்கும். ஈரக் காத்துல அந்தக் கரி கொழகொழன்னு இருக்கும், அடுத்த குண்டு வழிச்சுட்டுப் போயிரும். காஞ்ச காத்துல அடிப்புடிச்ச பொங்கச் சட்டி மாதிரி ஆயிரும். அதுமேல ஒரசிட்டுப் போற குண்டு எங்க போவும்னு அதுக்கே தெரியாது.

அதுக்குத்தான் இந்தக் குழாய். மூணு குண்டு போனதும், அப்பறம் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால பின்வாய்ல இதைச் சொருகி, நம்ம மூச்சை உள்ள ஊதறது. மூச்சுல ஈரம் இருக்குதில்லீங்களா, கரி எளகிரும். வெளிநாட்டுலயும் இப்படித்தான் பண்றாங்களாம், எங்கயோ படிச்சிருக்கறான். எத்தனை மூச்சுன்னு பார்க்கறதுக்கே ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு மூச்சு ஊதுனா டார்கெட்டுல முறம் அகலத்துக்குப் பரவும். மூணுக்குச் சோத்து வட்டல் அளவு. அஞ்சு மூச்சு, நல்லா வகுத்துலருந்து, அடிவயித்துலருந்து எடுத்து ஊதுனா, பத்துக் குண்டும் விரிச்ச கைக்குள்ள. ஏழுக்குப் போனா ஈரம் ஜாஸ்தியாயிருது. அஞ்சுதான் கணக்கு. "தோட்டாவுல பாதிதான் இந்தக் கூட்டுக்குள்ள இருக்குதுங்க சார், மீதி நம்ம மூச்சுல இருக்குது"ன்னு சொல்லுவான்.

பயிற்சியில அவன் ஊதுவான், நான் சுடுவேன். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஆனா போட்டியில சுடறவனத் தவிர வேற யாரும் துப்பாக்கியத் தொடக்கூடாதுன்னு ரூலு. கூட ஒருத்தர் பொறத்தால உக்காந்து டெலஸ்கோப்ல காத்துப் பார்த்துச் சொல்லலாம், அவ்வளவுதான். அதனால "சார், நீங்களே ஊதிப் பழகோணும்"னு ஒரு நாள் குழாய எங்கையில குடுத்தான்.

நான் வாங்குனேன். வாங்கி, பார்த்துட்டு இருந்தனுங்க. ஒண்ணும் சொல்லலை. மூஞ்சியக்கூடச் சுளிக்கலைன்னு நெனைக்கறன். சும்மா வேட்டி நுனியில அந்த முனையத் தொடச்சேன். அவன் அதைப் பார்த்தான். அடுத்த ஞாயித்துக்கெழமை வர்றப்ப இதே மாதிரி இன்னொரு பித்தளைத் துண்டு கடைஞ்சு கொண்டாந்தான். "இது உங்களுக்குங்க சார். மாட்டிக் கழட்டிக்கலாம்"னான். அதோட குழாயவும் வெந்நீர்ல போட்டுக் கழுவி, வெயில்ல காயவெச்சு, ஒரு வெள்ளைத் துணியில சுத்தி. நான் கேக்கவே இல்லீங்க! அவனாத்தான் செஞ்சான். நான் எதுவும் சொல்லலையே.

என்னங்க தம்பி? "அவன்"னு சொல்றனா? அட, வயசுல சின்னவனுங்க. பத்து வயசு சின்னவன். உங்களையா? உங்களை "நீங்க"ங்கறன்... நீங்க... வெளியூருங்க. படிச்சவரு. பழக்கமில்லாதவருகிட்ட அப்படித்தான பேசறது. இப்ப எதுக்கு அதெல்லாம், கேளுங்க.

போட்டியன்னிக்கு ஆடிக் காத்து. உங்களுக்குத் தெரியுமான்னு தெரியலை, பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற காத்து, எங்க பக்கம் தென்னையெல்லாம் தலைய விரிச்சு ஆடும். ஆனா கல்லுக்குழிக்குள்ள மழை இல்லை, வெறுங்காத்து. காஞ்ச காத்து. ஆறுச்சாமி அதுக்குன்னே கட்டுன தோட்டா இருபது. பத்துப் போட்டிக்கு, பத்து கைவசம். நாலு கிளப்புல இருந்து ஆளுங்க வந்திருந்தாங்க. பந்தல் போட்டு, மைக் செட்டு வெச்சு.

மொத குண்டு நடுவுல. ரெண்டாவது நடுவுல. மூணாவதும் நடுவுல. மைக்ல எம்பேர் சொல்றாங்க. "தெய்வசிகாமணி, மார்ட்டின், மூன்றும் நடு." எனக்கு ஒடம்பு பூரா ஜிவ்வுன்னு இருக்குது. கரி சேர ஆரம்பிச்சுருச்சு, இனி ஊதோணும். குழாய எடுக்கறன், எனக்குக் கடைஞ்ச துண்டு இல்லை. என்ற சட்டைப் பையில இல்லை, பெட்டியில இல்லை. மருமகன் கார்ல, முன்னால டேஷ்போர்டுல வெச்சேன், கார் போயிருச்சு. குழாயில அவன் துண்டுதான் மாட்டியிருக்குது. இதுதானுங்க. இதே துண்டு.

"ஊதுங்க சார், அஞ்சு மூச்சு"ன்னு பொறத்தால இருந்து சொல்றான். கண்ணு டெலஸ்கோப்ல இருக்குது, டார்கெட்டுப் பக்கம். என்னையப் பார்க்கலை.

அங்க எங்காளுங்க அத்தனை பேரும் பந்தல்ல உக்காந்திருக்கறாங்க. சம்பந்தி வீட்டாளுங்ககூட வந்திருந்தாங்க. நான் என்ன பண்ணுனேன்னு எனக்கே சரியாத் தெரியலைங்க. யோசிச்செல்லாம் பண்ணலை. சொம்புத் தண்ணியத் தூக்கிக் குடிப்போமில்லீங்களா, ஒதட்டுல படாம? அந்த மாதிரி... குழாய வாய்க்கு நேரா ஒரு வெரக்கடை தள்ளிப் புடிச்சு, கைய அணைவு குடுத்து, ஊதுனேன். அஞ்சு தடவை. பார்க்கறவங்களுக்கு ஊதற மாதிரித்தான் இருக்கும். பாதி மூச்சுக்கூட உள்ள போயிருக்காது. காத்து வேற அடிக்குது.

நீங்க சிரிக்கறீங்களா? சிரிங்க. நானே நெனைச்சா எனக்கு எரிச்சலா வருது. துப்பாக்கியில தண்ணி குடிக்கற மாதிரி ஊதுன ஆளு ஒலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

நாலாவது குண்டு ஓரத்துல. அஞ்சாவது அதுக்கும் அக்கட்ட. "காத்து மாறலீங்களே சார்! அஞ்சு மூச்சு ஊதுனீங்களா?"ன்னான். "ஊதுனேம்பா!"ன்னு எரிஞ்சு விழுந்தேன். ஏழாவது டார்கெட்டுலயே படலை. மைக்ல "காணோம்"னான். பந்தல்ல யாரோ கெக்கேன்னு சிரிச்சாங்க. பத்து முடிஞ்சு எந்திரிச்சப்ப எனக்குக் காதுல ரத்தம் ஏறி, மூஞ்சியெல்லாம் காந்துச்சு.

ஆறுச்சாமி துப்பாக்கிய வாங்கி, கம்பியில துணி சுத்தி குழலுக்குள்ள விட்டான். துணி போகலை. இடிச்சு இடிச்சு விட்டான். அந்தப் பக்கம் கரி பொடிப்பொடியாக் கொட்டுச்சு, காஞ்ச அடுப்புச் சாம்பல் மாதிரி. அப்பறம் குழாய எடுத்தான். அந்த வாய் வெக்கற துண்டை வெரல்ல தடவிப் பார்த்தான். ஈரமில்லை. என்னைய நிமிந்து பார்த்தான். அப்ப அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கும் தெரிஞ்சு போச்சு, அவனுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு.

அந்த நேரம் பார்த்து செயலாளர் வந்து, "என்னண்ணா இப்படி ஆயிருச்சு?"ன்னு கேட்டான். சுத்தி எட்டுப் பத்துப் பேரு. ஆறுச்சாமி வாயத் தொறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "தோட்டா சரியில்லை. மருந்து கொறச்சுப் போட்டிருக்கறான்"னுட்டேன்.

அவ்வளவுதானுங்க சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு மேல சொன்னதெல்லாம் மத்தவங்க. "மருந்து கொறஞ்சா மிச்ச மருந்து எங்க போச்சு?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாலதான் மலையடிவாரத்துல யாரோ காட்டுப்பன்னிக்கு வெச்ச அவுட்டுக்காய் வெடியக் கடிச்சு ஒரு மாட்டுக்கு வாய் சிதறிப்போச்சு. அந்த வெடிக்குக் கருமருந்து எங்கிருந்து வந்துச்சுன்னு போலீஸ் தேடிட்டு இருந்துச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியும். பேப்பர்ல படிச்சதுதான். "மிச்சம் எங்க போச்சு"ன்னு கேட்டப்ப நான் வாய மூடிட்டு இருந்தேன். என்னையப் பார்த்துட்டே நின்னான் ஆறுச்சாமி. நான் பூட்ஸ் கயிறு கட்டற மாதிரி குனிஞ்சுட்டேன். கயிறு கட்டித்தான் இருந்துச்சு.

கிளப்புல பயந்துட்டாங்க, அவங்க லைசென்ஸ் போயிருமேன்னு. அவங்களாகவே ஆறுச்சாமி மேல ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வெச்சாங்களாம். அடிக்கலை, அதுவரைக்கும் நல்லது. வீட்டைச் சோதனை போட்டாங்க. அரிசிப் பானையக் கவுத்துப் பார்த்தாங்களாம். பம்ப்செட் கம்பெனில "கேஸ் முடியட்டும், அப்பறம் வா"ன்னு நிறுத்திட்டாங்க. இருபத்தாறு வருச வேலை. நான் ஸ்டேஷனுக்குப் போகலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குப் பார்த்து எங்களுக்குத் தேங்காய் வெட்டு.

ஒரு வாரம் கழிச்சு, கைவசம் இருந்த பத்துத் தோட்டாவ எடுத்துட்டு நான் மட்டும் கல்லுக்குழிக்குப் போனேன். அதே காத்து. என்ற துண்டை மாட்டி, அஞ்சு மூச்சு, நல்லா வகுத்துலருந்து. பத்தும் சுட்டுட்டு நடந்து போய்ப் பார்த்தனுங்க. விரிச்ச கைய வெச்சேன். பத்து ஓட்டையும் கைக்குக் கீழ மறைஞ்சு போச்சு. அங்கயே உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. வெக்கம்னா மூஞ்சியில வர்றதுன்னு நெனைச்சிருந்தேன். அன்னிக்கு எனக்கு வகுத்துல வந்துச்சு.

டார்கெட் காயிதத்த என்ன பண்ணுனீங்கன்னு கேக்கறீங்களா? கிழிச்சுப் போட்டுட்டேன்.

அப்பறம் மனசு கேக்கலை. ஒரு லெட்டர் எழுதுனேன், ஸ்டேஷனுக்கும் கிளப்புக்கும். "தோட்டாவில் குறை இல்லை, அன்று காற்றினால் குறி தவறியது"ன்னு. கையெழுத்துப் போட்டு, நானே எடுத்துட்டு ஆறுச்சாமி வீட்டுக்குப் போனேன். இதே பஸ்ஸுதான். அப்படி அவங்க வீட்டுக்குப் போனவங்க எங்க ஊர்ல யாரு இருக்கறாங்க, சொல்லுங்க? சேர் எடுத்துப் போட்டாங்க, உக்காந்தேன். லெட்டரைப் படிச்சான். பொறுமையா ரெண்டு தரம் படிச்சான், நோட்டு எழுதுவானே, அந்த மாதிரி.

"காத்துன்னு எழுதியிருக்கறீங்களே சார்"னான். "காத்துப் பார்த்துச் சொன்னது நான்தானுங்களே. அப்பவும் என்ற தப்புத்தானுங்களா?"

எனக்கு அது தோணவே இல்லீங்க தம்பி. சத்தியமாத் தோணலை.

"சரி, வேற எப்படி எழுதட்டும்?"னேன்.

"ஊதலைன்னு எழுதுங்க. எழுதி, அன்னிக்கு நின்னாங்களே, அந்த நாலு பேர் முன்னால வாயாலயும் ஒருக்காச் சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

"ஏன் ஊதலைன்னு கேப்பாங்களேப்பா?"

"கேப்பாங்க"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். குரல்ல கோவங்கூட இல்லை.

அந்நேரம் அவன் சம்சாரம் டீ கொண்டாந்துச்சு. எவர்சில்வர் டம்ளரு, ஆவி பறக்குது. தண்ணின்னாத் தூக்கிக் குடிச்சிருவேன். சூடு டீய எப்படித் தூக்கிக் குடிக்கறது? "எனக்குச் சக்கரைங்கம்மா, டீ ஆகாது"ன்னேன். ஆறு மாசமா பேக்கரியில தேன் பன்னும் டீயுமா அவன் எதிருலயே சாப்பிட்டவன் நான். அந்தம்மா உள்ள போயி, சக்கரை போடாம வேற டீ போட்டுக் கொண்டாந்து வெச்சுது. "சக்கரை போடலீங்க, குடிங்க"ன்னுச்சு. நான் டம்ளரக் கையில வெச்சுட்டு மழையப் பத்திப் பேசுனேன். தேங்காய் வெலையப் பத்திப் பேசுனேன். டீ ஆறி, ஆடை கட்டிப்போச்சு. கீழ வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். ரெண்டு பேரும் அந்த டம்ளரையே பார்த்துட்டு நின்னாங்க.

லெட்டரைத் திருப்பிக் குடுத்துட்டான். இந்தா இருக்குது பாருங்க, மடிச்ச மடிப்புல கிழியப் போகுது. இந்தக் குழாயக் கிளப்புல துப்பாக்கிப் பெட்டியோட சேத்து எங்கிட்டக் குடுத்துட்டாங்க. அவன் சாமானம், அவன்கிட்டச் சேக்கோணுமில்லீங்களா. அதைச் சாக்கா வெச்சுப் போயி, சொல்லிரலாம்னுதான் கெளம்பறது. கெளம்பிக் கெளம்பி... சரி விடுங்க.

அடுத்த வாரம் கம்பெனில முடிவா என்னன்னு சொல்லிருவாங்களாம். லெட்டர் போனா வேலையில சேத்துக்குவாங்க, இல்லைன்னாக் கணக்கை முடிச்சு அனுப்பிருவாங்க. அவரு பொண்ணு நர்சிங் படிக்குது, கடைசி வருசம்.

ஏனுங்க தம்பி, சட்டைப் பையில பேனா இருக்குதுங்களா? குடுங்க. பஸ்ஸு ஆட்டத்துல கோணக்கோணலாத்தான் வரும். "காற்றினால்"ங்கறத அடிச்சாச்சு. "நான் குழாயை ஊதவில்லை." இதுவரைக்கும் சரி. ஏன்னு எழுதோணுமா? எழுதலைன்னாக் கேக்கத்தான போறாங்க. இருங்க... எழுதீட்டேன். படிக்கறன், கேளுங்க. தப்பிருந்தாச் சொல்லுங்க. "ஆறுச்சாமி வாய் வைத்த குழாயில் வாய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் ஊதுவது போல நடித்தேன். அவர் கட்டிய தோட்டாவில் எந்தக் குறையும் இல்லை."

என்னங்க, எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. சத்தமாப் படிச்சுட்டனாட்டம் இருக்குது. அந்தப் பூக்காரம்மா என்னைய எப்படிப் பார்க்குது பாருங்க. பார்க்கட்டும். எத்தனை பேரு இருப்பாங்க, இருபது பேரு? அவரு கேட்டது நாலு பேர் முன்னாலதானுங்களே. இது பத்தாதுங்களா தம்பி? நீங்களும் செங்காட்டுப் பிரிவுலதான் எறங்கறீங்க. மூணாவது வீடு, பச்சைக் கதவு. லெட்டரையும் குழாயையும் நீங்களே குடுத்துட்டீங்கன்னா, அன்னிக்கு நின்னவங்ககிட்ட நான் பொறவு ஒரு நாளைக்கு மெதுவா...

லெட்டரை எங்கையிலயே திருப்பி வெக்கறீங்க.

சரிங்க. சரி.

என்னங்க கண்டக்டரு? ஆமா, உடுமலைக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். அவரு சொல்றது நெசந்தானுங்க தம்பி. இது மூணாவது தடவை. மூணு தடவையும் உடுமலைக்குத்தான் எடுத்தேன். பிரிவு வர்றப்ப ஜன்னல் வழியா அந்தப் பச்சைக் கதவைப் பார்ப்பேன், பஸ்ஸு போயிரும், உடுமலையில எறங்கி மறுபடி ஊருக்கு வண்டி ஏறிருவேன்.

பிரிவு வந்துருச்சு. விசில் அடிங்க, இங்கயே எறங்கறன். கொஞ்சம் வழி விடுங்க. குழாய எடுங்க தம்பி... அந்தத் துணியச் சுத்தி எடுங்க, அவரு வாய் வெக்கற துண்டு, அழுக்காயிரும். லெட்டர் எழுதியாச்சு, இனி அது பெரிசில்லை. நாளைக்கே நாலு பேரக் கூட்டி வெச்சுச் சொல்லிருவேன், மானம் போனாப் போகுது. அதுகூடப் பெரிசில்லீங்க.

அந்தம்மா டீ கொண்டாருவாங்க, தம்பி. சக்கரை போடாம கொண்டாருவாங்க.